எடை தூக்காத தசைப் பயிற்சி

கோவில்பட்டிக் கரிசல் ஊர்களிலும் வழங்கும் தண்டாலும் பஸ்கியும் உடலின் எடையையே சுமையாகக் கொள்ள, தசைக் கட்டுப்பாடு என்னும் பயிற்சியோ அச்சுமையும் இன்றி, ஒரு தசையை மட்டும் மனம் குவித்து இறுக்கி, சில நொடிகள் நிறுத்தி, பின் முற்றிலும் தளர்த்துவதாகும். ஆஸ்திரியாவில் பிறந்த மாக்சிக் பரப்பிய இக்கலையைப் பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் கல்கத்தாவில் கற்பித்து, 1930இல் வெளிவந்த நூலிலும் விளக்கினார். கால்களை அகற்றி நின்று, உள்ளங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, மூச்சை முழுதும் வெளியேற்றி, வயிற்றை உள்ளிழுத்தபின் நடுவயிற்றுத் தசையை மட்டும் தூண்போல் முன்தள்ளும் ஹடயோக நௌலி இவ்வகையில் தலைசிறந்தது. தொடக்க வாரங்களில் கூடும் வலிமை, தசை பருப்பதைவிட, நரம்புகள் ஒரே நேரத்தில் மிகுதியான தசை இழைகளை இயக்கப் பழகுவதாலேயே பெரிதும் விளைகிறது. மானாவாரி வேலை ஓய்ந்த கோடையில், கட்டணம் ஏதும் கேட்காத இப்பயிற்சி கரிசல் இளைஞர்க்கு மிகவும் உகந்தது; ஆயினும், மூச்சடக்கி இறுக்கும்போது இரத்த அழுத்தம் ஏறுமாதலால், இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.