ஃபார்மட் போடும் முன் ஒரு நிமிஷம்!



சமையல் குறிப்பும் கோலமும் வருகிற பக்கத்தில் இவள் என்ன கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறாள் என்று சகோதரிகள் நினைக்க வேண்டாம். கல்யாண போட்டோ, பிள்ளைகளின் சர்டிபிகேட், வீட்டுக் கடன் பேப்பர் என்று பல வீடுகளில் எல்லாமே இன்று அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அது ஒருநாள் எழும்ப மறுத்து, "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டி விடுகிறோம். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. சொல்கிறவர்கள் பலர் இதை விளக்குவதில்லை.

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால், 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், சரிசெய்ய முடியவில்லை என்று நீலத் திரையில் எழுதிக் காட்டியது. எத்தனை தடவை போட்டாலும் அதே கதை. என் வீட்டுக்காரர் டவுணில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "ஃபார்மட் போடணும் சார். உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும்" என்றார்களாம்.

உள்ளே இருந்தது என் மாமியாரின் குரல். அவர்கள் காலமாவதற்கு முந்தின வருஷம் பேத்திக்குச் சொன்ன கதைகளையும் தாலாட்டையும் என் மகள் பதிவு செய்து வைத்திருந்தாள். வேறு எங்கும் நகல் கிடையாது. "அத்தை குரல் இல்லாத கம்ப்யூட்டர் எனக்கு எதுக்கு? அப்படியே திருப்பிக் கொண்டு வாங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

என் அக்கா மகன் இங்கே பேட்டை ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். சாயங்காலம் வந்து பார்த்தவன், "சித்தி, பீரோ பூட்டு மக்கர் பண்ணுனா உள்ள இருக்கிற நகை போச்சுன்னு அர்த்தமா? கெட்டது பூட்டுதான்" என்றான். லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவைச் சொருகி, விண்டோஸைத் தொடாமலே கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டான். அப்போது திரையில் 'ட்ரை', 'இன்ஸ்டால்' என்று இரண்டு கேட்கும். 'ட்ரை'யைத்தான் அமுக்க வேண்டும். இன்ஸ்டால் பக்கம் போனால் உள்ளதும் அழிந்துவிடலாம். ஃபோல்டர்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. காப்பி எடுத்து முடித்ததும் ஒன்றைப் போட்டுக் காட்டினான். "ஏட்டி, உறங்கிட்டியா?" என்று அத்தை கேட்டார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் ரிப்பேர் வேலை. கரண்ட் சட்டென்று நின்றதில் விண்டோஸ் தொடங்குவதற்கான ஒரு ஃபைல் கெட்டிருந்ததாம், அவ்வளவுதான்.

லினக்ஸ் என்றதும் மலைக்க வேண்டாம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது அது. அதைத் திறந்தே பார்க்காத பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம்!

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தக் கதி வந்ததுண்டு. 2024 ஜூலை 19-ம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தப்பான அப்டேட்டால் உலகம் பூராவும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழும்பாமல் போயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களும் தாங்களாகச் சரியாகவில்லை. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொன்றாகப் போய் 'சேஃப் மோடு' என்ற முறையில் திறந்து, கெட்ட ஒரே ஒரு ஃபைலை அழித்தார்கள். அதற்காக உள்ளே இருந்த அத்தனையையும் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

நாமே பார்க்கக் கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. லைட்டே எரியவில்லை என்றால் ஒயரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடித்து, மறுபடி மாட்டிப் போட்டுப் பாருங்கள். சொருகிய பென்டிரைவை எடுக்காமல் விட்டாலும் சில கம்ப்யூட்டர் எழும்பாது. 'பீப் பீப்' என்று கத்திவிட்டுத் திரை கறுப்பாகவே நின்றால், பல சமயம் ராம் சிப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே போதும். ஒவ்வொரு தடவையும் தேதி தப்பாகக் காட்டினால், உள்ளே காசு போல இருக்கும் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். போட்டுப் போட்டுப் பார்க்கப் பார்க்க இன்னும் கெடும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அந்த மாதிரித் தண்ணீர் ஏறிய கம்ப்யூட்டரை "வேலை செய்யுதா" என்று பார்க்கக்கூட பிளக்கில் சொருகக் கூடாது.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பலவற்றில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு தானாகவே போட்டிருக்கும். கோளாறு வந்தால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லாவிட்டால் அக்கா மகனின் பென்டிரைவும் உதவாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண்ணைப் பார்த்து எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

கடையில் கொடுக்கும்போது, "முதல்ல உள்ள இருக்கிறத எடுத்துக் குடுங்க, அதுக்குத் தனியா காசு தாரேன். பெறகு என்ன வேணும்னாலும் செய்ங்க" என்று சொல்லுங்கள். சீட்டிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

எழும்பாத பழைய லேப்டாப் ஏதாவது மச்சில் கிடக்கிறதா? பழைய சாமான்காரருக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். அதை மாட்டும் யு.எஸ்.பி. டப்பா கம்ப்யூட்டர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தால் பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோக்கள்கூட வரலாம்.

- ஒரு வாசகி, பேட்டை, திருநெல்வேலி.