ஒரு வரியை மாத்துங்க பாஸ்... கிரகம் தப்பிச்சு ஓடாது!

‘நியூமெரிக்கல் மெத்தட்ஸ்ல அரியர் விழாம இருந்தா போதும்டா சாமி’ன்னு வேண்டிக்கிற கட்சியா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான்!

ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுறீங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு பாறையைச் சுத்தி வட்டமடிக்கணும். ஆனா, பத்து துடுப்புக்கு ஒரு தடவைதான் திசையைத் திருப்பலாம்னு கண்டிஷன். என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் நேர்க்கோட்டுல கொஞ்சம் வெளியே போயிடுவீங்க. வட்டம் நத்தை ஓடு மாதிரி விரிஞ்சுக்கிட்டே போகும்!

வகைக்கெழுச் சமன்பாட்டை ஆய்லர் முறையில போட்டாலும் இதே கூத்துதான். ஸ்பிரிங்கில் ஆடும் ஒரு குண்டு. நிறை 1, ஸ்பிரிங் மாறிலி 1, காலத்தை 0.1, 0.1-ஆக நகர்த்துங்க. ஒவ்வொரு அடியிலும் ஆற்றல் 1.01 மடங்காகும். நூறே அடியில 2.7 மடங்கு! உராய்வே இல்லாத ஸ்பிரிங்ல ஆற்றல் மாறவே கூடாதே... அப்ப எங்கிருந்து வந்தது? உங்க புரோகிராம் சும்மா உற்பத்தி பண்ணினது!

மருந்து ரொம்ப சிம்பிள். முதல்ல புது வேகத்தைக் கண்டுபிடிங்க. புது இடத்தைக் கணக்கிட, பழைய வேகத்துக்குப் பதிலா அந்தப் புது வேகத்தையே போடுங்க. மாறுவது ஒரே வரி! இப்ப ஆற்றல் சுமார் 5 சதவீதம் கூடும், குறையும்... ஆனா எத்தனை கோடி அடி போனாலும் அந்த எல்லையைத் தாண்டாது. இதுக்குப் பேர்தான் சிம்ப்ளெக்டிக் முறை.

‘எங்ககிட்ட ரங்கே-குட்டா இருக்கே!’ன்னு காலரைத் தூக்காதீங்க. சில ஆயிரம் அடிக்கு அது சூப்பர். அதே ஸ்பிரிங்கை நாலாம் படி ரங்கே-குட்டாவில் 1 கோடி அடி ஓட்டினா, சுமார் 13 சதவீத ஆற்றல் காணாமப் போயிடும்.

‘யாருய்யா கோடி அடி ஓட்டுறாங்க?’ வானியல்காரங்கதான்! தர்மபுரிக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலைமேல இருக்கு காவலூர் வானாய்வகம். 1988 பிப்ரவரி 17-ல் அங்கே ஆர்.ராஜமோகன் கண்டுபிடிச்ச குறுங்கோளுக்கு ‘4130 ராமானுஜன்’னு பேர். இதுமாதிரி குறுங்கோள் அடுத்த மாசம் எங்கே இருக்கும்னு சொல்றது ஈஸி. பல லட்சம் வருஷம் கழிச்சுன்னா? அதுக்குத்தான் 1991-ல் விஸ்டம், ஹோல்மன் ரெண்டு பேரும் கிரகங்களுக்கான சிம்ப்ளெக்டிக் முறையைக் கொடுத்தாங்க.

2009-ல் பிரான்ஸின் லாஸ்கர், காஸ்டினோ கூட்டணி இதே குடும்பத்து முறையில சூரியக் குடும்பத்தை 500 கோடி வருஷத்துக்கு, 2,501 தடவை ஓட்டிப் பார்த்தாங்க. சுமார் 1 சதவீத ஓட்டங்களில், வெள்ளியிலோ சூரியனிலோ மோதுற அளவுக்குப் புதனோட பாதை நீண்டுடுச்சு! அந்த ஆபத்து வானத்துல இருக்கா, புரோகிராம்ல இருக்கான்னு பிரிச்சுச் சொல்ல, ஆற்றல் கணக்கு சரியா இருந்தே ஆகணும்.

அதனால, அடுத்த தடவை லேப்ல கிராஃப் அழகா வந்ததும் சந்தோஷமா பிரின்ட் எடுக்காதீங்க. பக்கத்துலயே ஆற்றலுக்கும் ஒரு கிராஃப் போடுங்க. அது டேலி ஆகுதா? அப்புறம் ரெக்கார்டு நோட்டைத் தைரியமா நீட்டுங்க!