ஆசையும் பேராசையும்

மனிதனிடம் காணப்படும் குணக்குறைகளுள் பேராசையைப் போல் மறைந்து நிற்க வல்லது பிறிதொன்றில்லை. சினம் கொண்டவனை அவன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். சோம்பேறியின் இயல்பை அவனது தறியும் வயலும் சொல்லிவிடும். பேராசையோ முயற்சி என்றும், முன்யோசனை என்றும், பிள்ளைகளின் எதிர்காலம் என்றும் நல்ல பெயர்களைச் சூட்டிக்கொண்டு உலவுகிறது. ஆகவே, அதனை இன்னதென்று அடையாளம் கண்டுகொள்வதே அதை வெல்வதற்கு முதற்படியாகும்.

ஆசை முழுவதும் தீது என்று நாம் கூற வரவில்லை. நெய்த சேலைக்கு நியாயமான கூலி வேண்டும், விளைந்த பருத்திக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும் என்னும் ஆசை இல்லாவிடில் கூட்டுறவுச் சங்கமே தோன்றியிராது. திருவள்ளுவரின் நூலமைப்பிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 'அவா அறுத்தல்' என்னும் 37-ஆம் அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்டதோ இல்லறவியலில் உள்ள 18-ஆம் அதிகாரமாகிய 'வெஃகாமை'. அதாவது, பிறர்க்குரிய பொருளைக் கவர விரும்பாமை. குடும்பம் நடத்துகிறவன் ஆசையை வேரோடு களைய வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அவ்வாசை பிறர் பொருளின் மேல் கை வைக்கலாகாது என்பதே கட்டளை.

எனவே, ஆசை எந்த இடத்தில் பேராசையாக மாறுகிறது என்பதற்குத் தொகையின் அளவு அடையாளமன்று. 'இந்த ஆதாயம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது?' என்னும் கேள்வியே சரியான அளவுகோல். நம் உழைப்பிலிருந்து வருவதாயின் அது எவ்வளவு பெரிதாயினும் நேர்மையான வருவாய். பிறர் உழைப்பை அவர் அறியாமல் குறைத்து வருவதாயின் அது எவ்வளவு சிறிதாயினும் பேராசையின் பயன்.

இவ்வளவுகோலை முதலில் நமது அன்றாட வாழ்வில் வைத்துப் பார்ப்போம். சங்கத்தில் பெற்ற நூலில் ஊடையைச் சற்றுத் தளர நெய்து, மிஞ்சும் நூலை வெளியில் விற்பவர் அடையும் தொகை சொற்பமே. ஆனால் அந்தச் சேலை இரண்டு சலவையில் இழை விலகினால், வாங்கியவர் நெய்தவர் பெயரை அறியமாட்டார். சங்கத்தின் முத்திரையைத்தான் அறிவார். அடுத்த முறை அவர் கடையைத் தாண்டிச் செல்வதனால் ஏற்படும் நஷ்டம் தெருவிலுள்ள எல்லாத் தறிகளுக்கும் பங்கிடப்படுகிறது. பருத்திப் பொதியில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுகிற விவசாயியின் செய்கையும் இத்தகையதே. ஈரப் பொதி ஒன்று இருந்தாலும், வியாபாரி எல்லாப் பொதிகளையும் ஐயத்துடனேயே விலை பேசுவான். ஒருவர் பெற்ற ஆதாயத்தைப் பலர் கட்டித் தீர்க்கிறார்கள்.

இனி, வெளியிலிருந்து வந்து நமது ஆசையைத் தூண்டுவோரைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டங்களை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவிய அத்திட்டங்கள் 2012-ஆம் ஆண்டில் சரிந்தன. ஒரு நிறுவனம் 1,50,000 ரூபாய் பெற்றுக்கொண்டு 6 குஞ்சுகளைத் தந்தது. மாதம் 6,000 ரூபாயும், ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனசும் தருவதாக வாக்களித்தது. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 92,000 ரூபாய்; அதாவது போட்ட முதலுக்கு 61 சதவீதத்துக்கு மேல். அந்நாளில் வங்கியில் வைத்த பணத்துக்கு 9 சதவீதத்தை ஒட்டியே வட்டி கிடைத்து வந்தது.

இங்கே நமது அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஈமு இறைச்சியையும் எண்ணெயையும் அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் சந்தை நாட்டில் இருந்ததா? இல்லை. பறவையிலிருந்து வராத பணம் பின்னர் எங்கிருந்து வந்தது? அடுத்துச் சேர்ந்தவரின் முன்பணத்திலிருந்து வந்தது. புதியவர் வரவு குறைந்ததும் பணம் நின்றது. பணத்தை இழந்த குடும்பங்களோடு தீவனமின்றி நின்ற பறவைகளும் மிஞ்சின. அவற்றுக்கு அரசு இரை அளிக்க நேர்ந்தது. முதலீட்டாளர் நலனைக் காக்க 1997-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் நிறுவனத்தார் பலர்மீது வழக்குகள் நடந்தன, தண்டனைகளும் விதிக்கப்பட்டன. ஏமாற்றியவரே குற்றவாளி; ஏமாந்தவரைப் பழிப்பது நமது நோக்கமன்று. எனினும், அந்த ஒரு கேள்வியை முன்னதாகவே கேட்டிருந்தால் பல வீடுகளில் நகையும் நிலமும் மிஞ்சியிருக்கும்.

நிற்க. கூட்டுறவாளர் என்ற பெயர் பெற்றதனாலேயே நாம் இக்குறையிலிருந்து தப்பிவிட்டோம் என்று எண்ணலாகாது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் 28 பவுண்டு மூலதனத்துடன் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு கடையைத் திறந்த வரலாற்றை அங்கத்தினர் பலர் அறிவர். அந்தக் கடையின் இலாபம் பங்குத் தொகைக்கேற்பப் பிரிக்கப்படாமல், அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பிரிக்கப்பட்டது. ஆனால் அதே ஊரில் நிகழ்ந்த வேறொரு வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1854-இல் அங்குள்ள கூட்டுறவாளர்கள் நூற்கவும் நெய்யவும் ஓர் ஆலைச் சங்கத்தை அமைத்தனர். மூலதனத்துக்குரிய வட்டி போக மிஞ்சிய இலாபத்தில், ஆலையில் உழைக்கும் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்பது அதன் விதி. ஆலை செழித்தது. செழிப்பைக் கண்டு, நல்ல வருவாய் கிடைக்கும் என்பதற்காகவே பலர் புதிதாகப் பங்கு வாங்கினர். அவர்கள் தொகை பெருகியபோது, 'கூலி பெற்ற தொழிலாளிக்கு இலாபத்தில் பங்கு எதற்கு?' என்னும் பேச்சு எழுந்தது. 1862-ஆம் ஆண்டில் தொழிலாளியின் பங்கு வாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டது. அதில் திருட்டு இல்லை. பொய்க் கணக்கும் இல்லை. முறைப்படி தீர்மானம் நிறைவேற்றியே ஒருவர் உழைப்பின் பயனை மற்றொருவர் எடுத்துக்கொண்டனர். பேராசை கை தூக்கி வாக்களிக்கவும் வல்லது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அங்ஙனமாயின் இக்குறையை வெல்லும் வழி யாது? நமக்குத் தோன்றும் சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, பேராசையின் வேர் பெரும்பாலும் அச்சமே. மழைக்காலத்தில் பாவு ஓட முடியாமற் போனால் என்ன செய்வது, நோய் வந்தால் என்ன செய்வது, பெண்ணின் திருமணத்துக்கு என்ன செய்வது என்னும் கவலைதான் பலரைக் குறுக்கு வழியில் செலுத்துகிறது. அச்சத்தை அறிவுரையால் நீக்க முடியாது, சேமிப்பால் நீக்கலாம். கூலி வாங்கும் நாளிலேயே ஒரு சிறு பகுதியைப் பிரித்து வைப்பவருக்கு 61 சதவீதம் என்ற சொல் அவ்வளவு இனிக்காது. நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் சேராத அங்கத்தினர்கள் சங்க அலுவலகத்தில் இது குறித்துக் கேட்டறிதல் நலம்.

இரண்டாவது, பணம் கைக்கு வருமுன்னரே தேவைக்கு அளவு குறித்துவிட வேண்டும். கடன், விதை, பள்ளிச் செலவு, சேமிப்பு என்று அறுவடைக்கு முன்பே எழுதி வைத்தவர், பணம் வந்தபின் அப்பட்டியலுக்குக் கட்டுப்படுவார். பணத்தைக் கண்டபின் குறிக்கும் அளவு நாளுக்கு நாள் வளரும்.

மூன்றாவது, எந்தப் பெருந்தொகையையும் தனியே, அவசரத்தில் முடிவு செய்தலாகாது. வீட்டிலுள்ளவரிடமும், அனுபவமுள்ள அங்கத்தினர் இருவரிடமும் சொல்லி, ஒரு வாரம் பொறுத்திருங்கள். 'இன்றே சேராவிடில் வாய்ப்புப் போய்விடும்' என்பவரிடமிருந்து விலகியிருத்தலே ஆதாயம். பிறரிடம் சொல்லக் கூசுகிற ஆதாயமாயின், அக்கூச்சமே தக்க எச்சரிக்கை.

நான்காவது, சிறிய பொருளில் பழக வேண்டும். மிஞ்சிய நூலைச் சிட்டத்தோடு திருப்பிக் கொடுப்பதும், எடை கூடுதலாக வந்த உரத்தைச் சொல்லிவிடுவதும் அற்பமாகத் தோன்றலாம். பெருந்தொகை எதிரில் நிற்கும்போது கை தடுமாறாமலிருப்பது இப்பழக்கத்தினால்தான்.

ஐந்தாவது, பொதுக்குழுவில் இலாபப் பங்கீடு விவாதத்துக்கு வரும்போது காப்பு நிதியை வீண் முடக்கம் என்று கருதாதீர்கள். இந்த ஆண்டின் அங்கத்தினர் முழுவதையும் உண்டுவிடாமல், வரும் ஆண்டின் அங்கத்தினருக்கு விட்டு வைக்கும் பங்கு அது. கை தூக்குமுன் ஒவ்வொருவரும், 'இத்தீர்மானத்தால் எவருடைய பங்கு குறைகிறது? அவர் இங்கே பேச இடம் பெற்றிருக்கிறாரா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாவில் ஓர் இழையை மட்டும் அளவுக்கு மீறி இழுத்தால் அவ்விழை அறும்; துணியும் பழுதாகும். இதனை நெசவாளருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலில் தலைமடைக்காரர் நீர் முழுவதையும் திருப்பிக்கொண்டால் கடைமடை காயும் என்பதை விவசாயிக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தொழிலில் நன்கு தெரிந்த இவ்வுண்மையை வாழ்விலும் கடைப்பிடிப்போமாயின், ஆசை நமக்கு ஊக்கமாக நிற்கும். பேராசைக்கு நமது சங்கத்தில் இடமிராது.