மணற்குன்றின் மேல் ஒரு மாலை

துபாய்க்குச் செல்லும் பயணிகளை மாலையில் பாலைவனத்துக்கு அழைத்துச் செல்வதுண்டு. இரும்புக் குழாய்களால் கூடுபோல் அமைந்த சிறு வண்டியில் உங்களை உட்கார வைத்து, தோளையும் இடுப்பையும் வார்களால் பிணைத்துவிடுவார்கள். முன்னே வழிகாட்டியின் வண்டி, பின்னே நீங்கள்.

சக்கரங்களைக் கவனியுங்கள். அகன்றவை, காற்றும் குறைவாகவே அடைத்திருக்கும். ஏன்? காற்றுக் குறைந்தால் டயர் தரையில் பரந்து படிகிறது. அதே எடை அதிகப் பரப்பில் தாங்கப்படுவதால் அழுத்தம் குறைகிறது. சக்கரம் எளிதில் புதைவதில்லை. ஒட்டகத்தின் அகன்ற பாதமும் இதைத்தான் செய்கிறது! 1930-ஆம் ஆண்டையொட்டி லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களில் சுற்றிய ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேயரும் இம்முறையைக் கையாண்டார். காற்றில் மணல் நகரும் விதத்தைப் பற்றி 1941-இல் ஒரு நூலே எழுதினார் அவர்.

குன்றின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இரா. காற்று மோதும் பக்கத்தில் சாய்வு குறைவு, மணலும் இறுகியிருக்கும். முகட்டைத் தாண்டிய மணலோ மறுபக்கம் சரிந்து விழுந்து, ஏறக்குறைய 33 பாகைச் சரிவில் நிற்கும். கொஞ்சம் கூடினாலும் மீண்டும் சரியும். முகட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று ஏறுபவருக்குத் தெரியாது. வேகமாகத் தாண்டினால் வண்டி அந்தரத்தில் பாய்ந்து குப்புற விழலாம். சரிவில் குறுக்காகத் திருப்பினாலோ பக்கவாட்டில் உருண்டுவிடலாம். வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இருட்டியதும் முகாமில் விருந்து. கரியடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்கும்; பகலெல்லாம் சுட்ட மணல் அதற்குள் ஆறிவிடும். நீராவி குறைந்த வறண்ட காற்று, தரை வெளிவிடும் வெப்பத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மணலும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மேற்பரப்பு விரைவில் குளிர்கிறது. சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது விரல்களை மணலில் ஆழமாக நுழைத்துப் பாருங்கள். அடியில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்.