விளக்கும் சுவிட்சும்: வீட்டிலும் வண்டியிலும்



ஒரு காலத்தில் தோட்டத்து லயங்கள் பலவற்றில் இயந்திரம் ஓடும் சில மணி நேரம் மட்டுமே மின்விளக்கு எரிந்தது. மற்ற நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. இன்று இரவும் பகலும் மின்சாரம் நம் வீட்டுச் சுவருக்குள் காத்து நிற்கின்றது. நாள்தோறும் தொட்டுப் பழகிய பொருளிடம் நமக்கு அச்சம் குறைந்துவிடுகின்றது. பல்பு எரியவில்லையென்றால் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிவிடுகின்றோம். அவ்வாறு ஏறுமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு விளக்க முற்படுகின்றேன்.

சுவிட்சு செய்யும் வேலை

மின்சாரம் செல்லவும் திரும்பவும் வழி இருந்தால்தான் ஓடும். இவ்வழிக்கு மின்சுற்று என்று பெயர். வாய்க்காலில் மடையை அடைத்தால் நீர் நின்றுவிடுவதுபோல், மின்சுற்றை ஓரிடத்தில் துண்டித்தால் விளக்கு அணைந்துவிடும். அந்த மடைதான் சுவிட்சு.

மலேசியாவில் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகின்றது. விளக்கிற்குச் செல்லும் கம்பிகளுள் ஒன்று உயிர்க்கம்பி. மற்றொன்று நடுநிலைக் கம்பி. மூன்றாவதாக உள்ள நிலக்கம்பி, உலோகப் பகுதிகளில் மின்சாரம் கசிந்தால் அதனைப் பூமிக்குக் கொண்டுசெல்வது. உயிர்க்கம்பி சிவப்பு அல்லது பழுப்பு நிறத்திலும், நடுநிலைக் கம்பி கறுப்பு அல்லது நீல நிறத்திலும், நிலக்கம்பி பச்சை அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்திலும் இருப்பது வழக்கம்.

சுவிட்சு எப்பொழுதும் உயிர்க்கம்பியிலேயே இருத்தல் வேண்டும். நடுநிலைக் கம்பியில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும்; வெளிப்பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போதும் பல்பைத் தாங்கும் ஹோல்டரில் 230 வோல்ட் உயிரோடு நிற்கும். ‘சுவிட்சை அடைத்துவிட்டேன்’ என்ற நம்பிக்கையில் கை வைப்பவரின் கதி என்னவாகும்? ஆகவேதான், பல்பு மாற்றும்போது சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயின் சுவிட்சையும் அடைக்கச் சொல்கின்றோம்.

நிறத்தையும் முழுவதும் நம்புதல் ஆகாது. பழைய வீடுகளில் சுவிட்சிலிருந்து விளக்கிற்குத் திரும்பும் கம்பி கறுப்பாகவே இருப்பதுண்டு. சுவிட்சைத் திறந்தவுடன் அதுவும் உயிர்க்கம்பியாகிவிடுகின்றது.

மாடிப்படியின் கீழும் மேலும் இரண்டு சுவிட்சுகள் ஒரே விளக்கை இயக்குவதைக் கண்டிருப்பீர்கள். இவற்றிற்கு இருவழிச் சுவிட்சுகள் என்று பெயர். இரண்டையும் இரு கம்பிகள் இணைக்கின்றன. இரு சுவிட்சுகளும் ஒரே கம்பியின் பக்கம் சாய்ந்திருந்தால் விளக்கு எரியும். வெவ்வேறு கம்பியின் பக்கம் சாய்ந்திருந்தால் அணையும். ஒரு சுவிட்சு குறிப்பிட்ட நிலையில் இருந்தால் மட்டுமே மற்றது வேலை செய்கின்றதெனில், இணைப்புக் கம்பிகளுள் ஒன்று அறுந்திருக்கலாம். அல்லது சுவிட்சு தேய்ந்திருக்கலாம்.

விளக்கு எரியாவிட்டால்

பதற்றமின்றி ஒவ்வொன்றாகப் பார்த்து வரவேண்டும். முதலாவதாக, எரியாதது ஒரு விளக்கா, வீடு முழுவதுமா, லயம் முழுவதுமா என்று கவனியுங்கள். லயம் முழுவதும் இருண்டிருந்தால் குறை நம் வீட்டில் இல்லை. நம் வீடு மட்டும் இருண்டிருந்தால் மெயின் பெட்டியைப் பாருங்கள். விழுந்த சுவிட்சை ஒரு முறை தூக்கிவிடலாம். மீண்டும் விழுந்தால் வற்புறுத்தாதீர்கள். எங்கோ பழுது இருப்பதாக அது எச்சரிக்கின்றது.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால், மின்சாரத்தை நிறுத்தி, பல்பு ஆறிய பின், நன்றாக எரியும் வேறொரு பல்பை அங்கு மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பழைய பல்பே குற்றவாளி. எரியவில்லையென்றால் குறை ஹோல்டரிலோ, சுவிட்சிலோ, கம்பியிலோ இருக்கின்றது. அதன்பின் அது நம் வேலையன்று. உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

நீண்ட குழல் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றலாம். இரு முனைகளும் நன்கு கறுத்திருந்தால் குழலின் ஆயுள் முடிந்தது. அதனுள் பாதரசம் உண்டு. உடைத்து விளையாடுதல் கூடாது. எல்.இ.டி. பல்பு, சுவிட்சை அடைத்த பிறகும் மங்கலாக ஒளிர்ந்தால், சுவிட்சு நடுநிலைக் கம்பியில் இருப்பது அதற்கு ஒரு காரணமாகலாம். அதனைச் சோதிக்கச் செய்வது நன்று.

காரில் உள்ள வேறுபாடு

காரிலும், இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிலும் மின்கலம் 12 வோல்ட் தருகின்றது. இங்கே ஒவ்வொரு விளக்கிற்கும் இரண்டு நீண்ட கம்பிகள் தேவையில்லை. மின்கலத்தின் எதிர்முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், அவ்வுடலே திரும்பும் வழியாகின்றது. ஆதலின் வண்டி விளக்கின் பெரும்பகைவன் துருவே. 230 வோல்ட்டில் 2 வோல்ட் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. 12 வோல்ட்டில் 2 வோல்ட் துருவில் கழிந்தால் விளக்கு மங்கிவிடும். பிரேக்கை மிதிக்கும்போது வேறொரு விளக்கும் மங்கலாக எரிந்தால், திரும்பும் வழி துருவால் கெட்டு, மின்சாரம் அடுத்த விளக்கின் வழியே பாதை தேடுகின்றது என்று பொருள். அவ்விணைப்பைக் கழற்றித் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

திசைகாட்டும் விளக்கு வழக்கத்தைவிட விரைவாகச் சிமிட்டினால், அப்பக்கத்துப் பல்புகளுள் ஒன்று எரியவில்லை என்று அறியலாம். முன்விளக்கின் ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிப் பல்பு விரைவில் கெடும்.

அதிர்ச்சியும் தீயும்

60 வாட் இழைப்பல்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 0.26 ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கின்றது. மனிதரைக் காப்பதற்காக வைக்கும் கசிவுத் துண்டிப்பான், 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துமாறு அமைக்கப்படுகின்றது. அதற்குமேல் உடலில் ஓடினால் உயிருக்கு ஆபத்து. ஒரு பல்பை எரிக்கும் மின்னோட்டம் அதைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம்! விளக்குச் சுற்றின் 6 ஆம்பியர் சுவிட்சோ, பியூஸோ இச்சிறு ஓட்டத்திற்கு அசையாது. அவை கம்பியைக் காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. ஈ.எல்.சி.பி. என்று பலரும் அழைக்கும் கசிவுத் துண்டிப்பானே நம்மைக் காப்பது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உடனே விழவேண்டும். விழவில்லையென்றால் அது பெயருக்குத்தான் அங்கே இருக்கின்றது.

காரில் 12 வோல்ட் பொதுவாக நம்மை அதிரவைப்பதில்லை. ஆயினும் 55 வாட் முன்விளக்கு அங்கே ஏறக்குறைய 4.6 ஆம்பியர் எடுக்கின்றது. கம்பி உரசி இரும்பைத் தொட்டால் மின்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கம்பி பழுத்துத் தீப்பற்றும். ஆகவே 10 ஆம்பியர் பியூஸ் எரிந்தால் 10 ஆம்பியர் பியூஸையே போடவேண்டும். 20 ஆம்பியரைப் போடுவதும், சிகரெட் ஈயத்தாளைச் சுற்றிவைப்பதும் தீயை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். வீட்டுப் பியூஸில் செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவதும் அவ்வாறே. லயத்து வீடுகளோ ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டின் அலட்சியம் ஒரு வரிசையையே எரித்துவிடக்கூடும்.

தோட்டத்துச் சாலையில் அதிகாலை இருளில் வேலைக்குச் செல்லும் தந்தைக்கு முன்விளக்கும் பின்விளக்கும் உயிர்க்காவல். மலேசியாவில் 1992ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பகலிலும் எரியவேண்டும் என்பது சட்டமாகும். மாணவச் செல்வங்களே! தந்தை புறப்படுமுன் வண்டியின் பின்னால் நின்று, பிரேக் விளக்கு எரிகின்றதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஓட்டுபவர் தாமாகவே காணமுடியாத விளக்கு அது. ஆனால் வீட்டுக் கம்பியிலோ, ஹோல்டரிலோ, மெயின் பெட்டியிலோ நீங்கள் கை வைக்கலாகாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுதலும் கூடாது.

பெற்றோர்களே! மின்பணியாளருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவு என்று எண்ணாதீர்கள். பல்பைக் கடையில் மீண்டும் வாங்கலாம். உயிரை எக்கடையிலும் வாங்க இயலாது. நிறுத்தியபின் தொடுவோம், அறிந்தபின் செய்வோம்.