இசைக்கு எத்தனை வாசல்? – 9: குப்பத்து மணலில் ஒரு கச்சேரி

எத்தாளைக்காரருக்கு உப்புக்காற்று இரண்டு பக்கமும் உண்டு. கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே பெருங்கடல். பாங்கொலியும் கோயில் மணியும் மாதா கோயில் மணியும் கலந்து கேட்கும் கரை இந்தக் கற்பிட்டிப் பக்கம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல வந்து ஒதுங்கியதும் இங்கேதான். தெற்கே உடப்பில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு இருக்கிறது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் ஆபிரிக்க வழிவந்தவர்களின் மஞ்சா இசை இருக்கிறது. என்றாலும் 'சங்கீதம்' என்றதும் நம் கண்முன் வருவது விரித்த ஜமுக்காளமும் தம்பூராவும்தான்.

அந்த ஜமுக்காளத்தில் பன்னிரண்டு வயதிலேயே உட்கார்ந்தவர் பாடகர் டி. எம். கிருஷ்ணா. 1976இல் சென்னையில் பிறந்தவர். பாகவதுல சீதாராம சர்மாவிடமும் செங்கல்பட்டு ரங்கநாதனிடமும் கற்று, செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் பாடம் கேட்டவர். மியூசிக் அகாடமியின் இளைஞர் மேடையில் தொடங்கிய பயணம் அது. குடும்பம், சாதி, குரு எல்லாமே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டன. அந்தக் கதவு மற்றவர்களுக்கு ஏன் திறக்கவில்லை என்று அவர் கேட்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது.

2011 முதல் 2013 வரை, போர் ஓய்ந்த நம் வடபுலத்துக்கு வந்து பாடினார். முப்பது ஆண்டுகளில் அங்கே சுற்றுப்பயணம் செய்த முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர்தான். இலங்கையில் இரண்டு கலை விழாக்களையும் தொடங்கிவைத்தார்.

2015இல் மார்கழி சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். அதே ஆண்டு சென்னை பெசன்ட் நகர் கடலோரம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா எடுத்தார்கள் அவரும் நண்பர்களும். மீனவர் வாழும் தெரு அது. ஒரே மேடையில் பறையாட்டமும் பரதமும் கர்நாடக இசையும். 'இரண்டு நாள் பாடிவிட்டுப் போனால் சாதி போய்விடுமா?' என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சபாவுக்கே வந்து பழகிய ரசிகர், மீன் வாடை வீசும் தெருவைத் தேடி வந்து மணலில் உட்கார வேண்டியிருந்ததே, அதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை. பின்னர் கர்நாடகத்தின் திருநங்கைக் கலைஞர்களான ஜோகப்பாக்களுடன் சேர்ந்து பாடினார். எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளைப் பாடினார். 2016இல் மகசேசே விருது வந்தது.

2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைப் பாடும் கர்நாடக இசைக் கலைஞர்களுக்கு மிரட்டல் வந்தது. மாதந்தோறும் இயேசுவையோ அல்லாஹ்வையோ பற்றி ஒரு பாட்டு வெளியிடுவேன் என்றார் கிருஷ்ணா. தலவில் அன்னம்மாள் திருநாளுக்கு எல்லா மதத்தவரும் போய்வரும் நம் கரையில், இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா 1998இலேயே மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றுவிட்டார். ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வந்த இசை நூல். பன்மை இந்த இசைக்குள்ளே எப்போதோ குடிவந்துவிட்டது. 2024இல் கிருஷ்ணாவுக்கு அதே சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது சில கலைஞர்கள் அகாடமிக் கச்சேரிகளிலிருந்து விலகினார்கள், எம். எஸ். சுப்புலட்சுமியின் பேரன் வழக்கும் போட்டார்.

இவற்றையெல்லாம்விட ஆழமானது, 2020இல் வந்த அவருடைய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல். மிருதங்கம் செய்பவர்களின் கதை அது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். நூலை வெளியிட முதலில் ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்திரா பின்னர் இடம் தர மறுத்தது. ஆசிய ஊடகவியல் கல்லூரியில் வெளியீடு நடந்தது.

பலாக்கட்டையைக் குடைந்தால் மட்டும் மிருதங்கம் ஆகிவிடாது. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், நடுவே உள்ள கரிய வட்டத்துக்குக் கிட்டான் கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சோற்றோடு பிசைந்து, துளித்துளியாக அப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கல்லால் தேய்த்து இறுக்க வேண்டும். தேய்க்கும்போதே விரலால் தட்டி, காதைக் கொடுத்து நாதம் பார்க்க வேண்டும். சுருதி தெரியாதவனால் இது ஆகாது. பாலக்காடு மணி ஐயரின் பெயரைச் சொல்லாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அடுத்த வாரம் தஞ்சாவூருக்குப் போவோம், பர்லாந்தின் பட்டறைக்கு.