ஈ.பி. லைனில் கோளாறு, எரிந்தது கம்ப்யூட்டர்: நஷ்டஈடு கிடைக்குமா?

மழை விட்ட ஒரு மாலை. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். திடீரென்று ஃபேன் பேய் வேகத்தில் சுற்றுகிறது. அடுத்த நிமிடம் கம்ப்யூட்டர் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம், தீய்ந்த வாடை. எஸ்.எம்.பி.எஸ். போயிற்று, கூடவே மதர்போர்டும்.

இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலைத்தான். தெருவோர பில்லர் பாக்ஸில் நியூட்ரல் இணைப்பு விட்டுப் போனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். லோடு குறைவாக உள்ள ஃபேஸில்தான் இந்த ஏற்றம். அதனால்தான் எதிர்வீட்டில் விளக்கு மங்கும்போது உங்கள் வீட்டில் பொருள்கள் கருகுகின்றன. ஸ்பைக் பஸ்டர் காப்பாற்றாதா? அதில் உள்ள எம்.ஓ.வி. கண் இமைக்கும் நேர எழுச்சியைத்தான் தாங்கும். நிமிடக் கணக்கில் நீடித்தால் அதுவே எரிந்துவிடும்.

சரி, பணம் யார் தருவது? ஜெர்மனியில் வூப்பர்டால் நகரில் ஒரு வீட்டுக்கு இதே நியூட்ரல் கோளாறு வந்து பொருள்கள் பழுதாயின. மின்சாரமும் ஒரு 'பொருள்'தான், குறைபாடுள்ள பொருளைத் தந்ததால் மின்விநியோக நிறுவனமே பொறுப்பு என்று 2014 பிப்ரவரியில் அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை. முதல் 500 யூரோ மட்டும் வீட்டுக்காரர் பாடு.

நம் ஊரில் அவ்வளவு சுலபமில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மின்சாரம் வழங்குவது 'சேவை'. மின்சேவைக் குறைபாட்டை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2013-ல் கூறியது. ஆனால் குறைபாட்டை நிரூபிப்பது உங்கள் வேலை. "உங்கள் வயரிங் சரியில்லை" என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் என்ன காட்டுவீர்கள்?

உடனே மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். பில்லர் பாக்ஸில் வேலை நடக்கும்போது போட்டோ எடுங்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் என்ன எரிந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான்கு வீட்டில் ஒரே நேரத்தில் வயரிங் கெடாது! சர்வீஸ் இன்ஜினியர் பழுதுக்கான காரணத்தை எழுதித் தரட்டும். எரிந்த போர்டை எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடி எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். அதுதான் உங்கள் முக்கிய சாட்சி.

பிறகு உதவி செயற்பொறியாளருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்த குழந்தையின் போட்டோக்களுக்கு மட்டும் பில் காட்ட முடியாது. அதற்கு பேக்கப்தான். அடுத்த மழைக்குள் எலக்ட்ரீஷியனை அழைத்து, மீட்டர் பக்கத்து போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள்.